என்னை மலைக்கு அனுப்பிய மகனுக்கு

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி உன் கையில் தந்திருக்கலாம். எனக்கு விருப்பமில்லை. என் வீட்டின் உட்பக்கத்தை, நான் படுக்கிற கட்டில் வரைக்கும், படம் பிடித்து ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினாய். காட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே நானும் உன்னைக் கேட்காமல், இங்கே கனடாவில் தமிழ்க் கடைகளில் காசு கட்டுகிற இடத்தில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கிற பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் மீன் வாங்கிக்கொண்டு போகிற வழியில் வாசித்துவிட்டு, இது யாருடைய பிள்ளையாக இருக்கும் என்று ஒரு கிழமைக்குக் கதைக்கட்டும். "அம்மா, கோபம் ஆறீட்டுதோ? நாங்கள் எப்ப வீட்டை வாறது?" என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமான பதில். மாமியார் வீட்டில் உனக்கு வேறு என்ன வேலை இருக்கப் போகிறது, ஆறுதலாக இருந்து வாசி.

என் பிறந்தநாள் அன்று கேக் வெட்டிய கையோடு ஒரு உறையைத் தந்தாய். உள்ளே பனிமலைப் படம் போட்ட ஒரு அட்டை. "அம்மா, நீங்கள் வாழ்க்கையில ஒரு நாளும் றெஸ்ற் எடுத்ததில்லை. இமயமலைக்குள்ள ஒரு நல்ல இடம் புக் பண்ணியிருக்கிறம். மசாஜ், யோகா, சுத்தமான காத்து. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்திட்டு வாங்கோ," என்றாய். உன் மனைவி பக்கத்தில் நின்று, "மாமி, யூ டிசேர்வ் இற்," என்று என் முதுகைத் தடவினாள். நான் அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அன்னதானத்துக்கு நிற்கிற வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். மற்றவர்களின் பிள்ளைகள் அவர்களை நயாகராவுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனதில்லை. "கைலாயத்துக்கோ அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "கைலாயமில்லை. இது பெரிய ஆக்கள் போய் ஆறுதல் எடுக்கிற இடம். மகன் அனுப்புறான்," என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர்களுடைய முகத்தில் பொறாமையைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது, சோறு தேவைப்படவில்லை. இப்போது அதே வரிசையில் போய் நிற்க எனக்கு முகமில்லை.

புறப்படுகிற அன்று வாசலில் டாக்ஸி வந்து நிற்க, நான் சப்பாத்துப் போடக் குனிந்துகொண்டிருந்தேன். நீ போனை நீட்டினாய். "பயண இன்ஷூரன்ஸ் அம்மா. உதில விரலால ஒருக்கா கீறுங்கோ." "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "வழமையா எழுதுறதுதான். டாக்ஸி நிக்குது, கெதியாக் கீறுங்கோ." கீறினேன். தம்பி, பிறம்ரனில் நான் வேலை செய்த களஞ்சியத்தில், சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வை என்று கத்தியபோது, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அசையாமல் நின்றவள் நான். என்னோடு நின்ற எல்லாரும் வைத்துவிட்டார்கள், நான் வைக்கவில்லை. இந்த நாட்டில் வாசிக்காமல் நான் போட்ட ஒரே ஒரு கையெழுத்து, நீ நீட்டிய போனில் கீறியதுதான்.

இனி நீ அனுப்பிய இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். டெல்லியிலிருந்து ஒரு சின்ன விமானம். பிறகு ஆற்றங்கரையோடு வளைந்து வளைந்து ஏறுகிற ஒரு கார். இறங்கியதும் என் தோளில் ஒரு சால்வையைப் போட்டு, இஞ்சித் தண்ணீர் தந்து, மிகவும் பணிவாக என் போனை வாங்கி ஒரு துணிப்பைக்குள் போட்டுப் பூட்டி வைத்தார்கள். மனம் ஆறுவதற்காம். நீ அந்த விதியை வாசிக்கவில்லைப் போலிருக்கிறது. நீயும் என்னைப் போல வாசிக்காமல் கீறியிருப்பாய். எனக்குத் தந்த அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை. பொய் சொல்ல மாட்டேன், இடம் அருமை. பனி என்றால் எனக்கு விடிய எழும்பி வாசலில் வழிக்கிற சாமான். அங்கே அது எட்டத்தில், மலை உச்சியில், யாரும் வழிக்கத் தேவையில்லாமல் தன்பாட்டில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு முதல் நாள் முழுக்கக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு மணி அடிப்பார்கள். வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, நாடு நாடாக வந்த பணக்காரர் எல்லாரும் வாய் திறக்காமல் வரிசையாகப் போவோம். சாப்பாடு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியம் மாதிரி. உப்புக் குறைவு, உறைப்பு இல்லவே இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழ நீளத்தில் பெயர். பின்னேரத்தில் ஒரு பெண்பிள்ளை என்னைப் படுக்க வைத்து நெற்றியில் இளஞ்சூடாக எண்ணெயை ஒழுக விடுவாள். காலையில் மூச்சுப் பயிற்சி. மூச்சை உள்ளே எடுக்கும்போது நல்லதை எடுக்க வேண்டும், வெளியே விடும்போது கோபத்தை விட வேண்டும் என்று சொல்லித் தருகிற ஒருவர் இருந்தார். முதல் நாட்களில் எனக்கு விடுவதற்குக் கோபம் ஒன்றும் இருக்கவில்லை, சும்மா காற்றைத்தான் விட்டேன். முழங்கால் நோ குறைந்தது. கட்டிலில் விழுந்தால் விடியும் வரை ஒரே நித்திரை. கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

உனக்கு ஒன்று விளங்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து எனக்குக் கோபப்பட நேரம் இருக்கவில்லை. ரெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டில் இருந்தபோது நான் வேலையால் வர உன் அப்பா வேலைக்குப் போவார். கதவடியில் உன்னைக் கைமாற்றுவோம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ற் பழுதான ஒரு மாரிகாலம், உன்னை இடுப்பிலும் சாமான் பையைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறேன். மேலேயிருந்து இறங்கி வந்த கட்டடக்காரன், ஈரச் சப்பாத்தோடு படியை ஊத்தையாக்குகிறாய் என்று என்னைப் பேசினான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அந்தப் படியால் உருட்டி விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து உலை வைத்து, உன்னைக் குளிப்பாட்டி, அடுத்த நாள் உடுப்பை எடுத்து வைக்க, கோபப்பட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாக் கோபத்தையும் அப்படித்தான், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன். கோபப்படவும் உடம்பில் பலம் வேண்டும், தம்பி. அந்தப் பலத்தை எனக்கு வாங்கித் தந்தது நீதான். ஆகவே உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கும் சொல்லிக்கொடு. ஒருவரை ஏமாற்ற நினைத்தால் அவரை முதலில் நன்றாக ஓய்வெடுக்க விடாதே.

அங்கே காயத்ரி என்று ஒரு சென்னைப் பிள்ளை வந்திருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, வேலை செய்து செய்து நித்திரை வராமல் போய்விட்டதாம். அந்த இடத்தில் தமிழ் கதைக்க எனக்கு அவள் ஒருத்திதான். ஒரு நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பித்தளைத் தட்டில் செவ்வந்திப் பூ வைத்து, பூவுக்கு நடுவில் என் போனை வைத்துக் கொண்டுவந்தார்கள். கனடாவிலிருந்து மகன் அவசரமாகக் கதைக்க வேண்டுமாம். யாருக்கு என்ன நடந்ததோ என்று ஓடிப் போய் வெளியே நின்று எடுத்தேன். "அம்மா, பயப்பிடாதேங்கோ, ஒண்டுமில்லை. இன்ஷூரன்ஸில ஒரு இடம் விட்டுப்போச்சு. திருப்பி அனுப்பியிருக்கிறன், ஒருக்கா கீறி விடுங்கோ," என்றாய். பிறகு குரலை மாற்றி, கொஞ்சிக்கொண்டு கேட்டாய்: "அங்க பிடிச்சிருக்கோ அம்மா? ஆரும் சமைச்சுத்தர, மணி அடிக்கச் சாப்பிடப் போறது... பழகீட்டுதோ?" "ஓம் தம்பி, நல்லாப் பழகீட்டுது," என்றேன். அம்மாவில் எவ்வளவு அக்கறை என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. நீ இரண்டாம் தரமும் என்னை அழ வைத்தாய்.

போனை வைத்ததும் அத்தனை நாளும் பூட்டிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. பக்கத்து வீட்டு வசந்தியின் செய்தி மேலே நின்றது. "அக்கா, வீடு விக்கப்போறியளெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. படங்கள் பாத்தன். நல்ல வடிவா இருக்கு." கீழே படங்கள். எனக்கு முதலில் அது யாருடைய வீடு என்றே தெரியவில்லை. வெள்ளைச் சோபா. மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பச்சை அப்பிள். குசினியில் ஒரு போத்தல், ஒரு கரண்டி கிடையாது. காயத்ரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க வீடா இது? செம அழகா இருக்கே! இந்த ரூம் பாருங்க, அப்படியே நம்ம ரிசார்ட் மாதிரியே இருக்கு," என்று ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஜன்னலைக் கொண்டு அடையாளம் பிடித்தேன். அது என் சாமி அறை. பிள்ளையார் இருந்த இடத்தில் ஒரு புத்தர் தலை. குத்துவிளக்கு நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மெத்தையும், தட்டினால் நீளமாகச் சத்தம் போடுகிற ஒரு வெண்கலக் கிண்ணமும். கீழே ஆங்கிலத்தில் தியான அறை என்று எழுதியிருந்தது. என்னைத் தியானம் பண்ணவென்று உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, நான் ஒவ்வொரு நாளும் கும்பிட்ட அறையைத் தியான அறையாக்கி விற்க வைத்திருக்கிறாய்.

நீ கீறச் சொன்ன தாளைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். என்னுடைய ஆங்கிலம் அதற்குப் போதும். எங்கள் வீட்டு விலாசம் இருந்தது, விற்பனை என்ற சொல் இருந்தது, இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைக் காணவில்லை. வாசலில் நான் கீறியதும் இதேதான் என்று விளங்கியது. இந்த முறை கீறவில்லை. வசந்திக்குப் போன் எடுத்தேன். "நான் கேட்டனெண்டு ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ளாமல் சொல்லு, என்ன நடக்குது?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் இழுத்தாள், பிறகு கொட்டினாள். "அக்கா, கோவியாதேங்கோ. உங்கட மருமகள்தான் சொன்னவ. வீட்டில கறி மணமிருந்தா நல்ல விலை வராதெண்டு ஏஜென்ட் சொன்னவராம். கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் சமைக்கக் கூடாதாம், சுவருக்குப் பெயின்ற் அடிக்கோணுமாம். நீங்கள் நிண்டா அது ஏலாதெண்டுதான் உங்களை அங்க அனுப்பினவையாம். தாங்கள் டவுன்ரவுனில மாடியில ஒரு கொண்டோ வீடு பாத்திருக்கினமாம்." "அப்ப நான்?" என்றேன். "உங்களுக்கும் ஒரு இடம் பாத்திருக்கினமாம் அக்கா. வயசான ஆக்களின்ர றெசிடன்ஸ். நேரத்துக்கு மணியடிச்சுச் சாப்பாடாம். யோகாவும் இருக்காம்."

பழகீட்டுதோ என்று நீ ஏன் கேட்டாய் என்று அப்போது எனக்கு விளங்கியது. நீ எனக்கு ஓய்வு வாங்கித் தரவில்லை, ஒத்திகை வாங்கித் தந்திருக்கிறாய்.

அதற்குப் பிறகும் சில நாள் அங்கேயே இருந்தேன். ஓப்பன் ஹவுஸ் ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள் என்று வசந்தி சொல்லியிருந்தாள். அதற்கு இன்னும் நாள் இருந்தது. நீ காசு கட்டிய எண்ணெயை நான் ஏன் விட வேண்டும்? நெற்றியில் எண்ணெய் ஒழுக ஒழுக, உன்னை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் சொற்களைத் தீட்டினேன். அந்தப் பிள்ளை, இன்றைக்கு உங்கள் முகத்தில் நல்ல அமைதி என்று பாராட்டினாள். மூச்சுப் பயிற்சிக்காரர் கோபத்தை வெளியே விடுங்கள் என்று சொன்ன நேரமெல்லாம், இருக்கிறதில் ஒரு துளியும் வெளியே போய்விடக் கூடாது என்று மூச்சை இறுக்கிப் பிடித்தேன். நீ திரும்பத் திரும்ப வரவேற்பு மேசைக்கு எடுத்தாய். அம்மா மௌன விரதம் என்று சொல்லச் சொன்னேன். அவர்களுக்கு என்னில் மரியாதை கூடிவிட்டது. காயத்ரிதான் என் விமானச் சீட்டை முன்னுக்கு மாற்றித் தந்தாள். "ஆன்ட்டி, வீட்டுக்குப் போய்ப் பொறுமையா பேசுங்க," என்று கையைப் பிடித்துச் சொன்னாள். "ஓம் பிள்ளை, மெல்லமாத்தான் செய்வன்," என்றேன்.

விமானத்தில் இருந்து வருகிற வழி முழுக்க அந்த மணத்தைப் பற்றித்தான் யோசித்தேன். இதில் என் பங்கும் உண்டு. இந்த யூனியன்வில் வீட்டுக்கு வந்த முதல் மாரிக் குளிரிலேயே, உன்னுடைய வேலை உடுப்பில் மணம் பிடித்துவிடும் என்று மீன் பொரியலைக் கராஜுக்குக் கொண்டு போனவள் நான்தான். பெரிய ஜக்கெற்றையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, கராஜ் கதவை அரைவாசி தூக்கி வைத்துவிட்டு, காஸ் அடுப்பில் நின்று பொரிப்பேன். அப்பா பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு, "இவ்வளவு காசு குடுத்துக் குசினியோட வீடு வாங்கினது, காருக்குப் பக்கத்தில நிண்டு சமைக்கவோ?" என்று சிரிப்பார். நீ ஒரு நாளும், ஏன் அம்மா குளிருக்குள் நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று சொன்னதில்லை. சாப்பாடு மட்டும் உள்ளே வர வேண்டும், அதன் மணமும் அதைச் சமைத்தவளும் வெளியே நிற்க வேண்டும் என்று உனக்குப் பழக்கினது நான். ஆனால் ஒன்றில் மட்டும் நான் மடையியாக இருக்கவில்லை. வீடு வாங்கிய நேரம், வங்கிக்கு உன் சம்பளம் தேவைப்பட்டதால் உன் பெயரும் போட வேண்டி வந்தது. "அவன்ர பேரிலயே முழுசாப் போடுவம். எப்பவெண்டாலும் அவனுக்குத்தானே," என்றார் அப்பா. அவர் நல்ல மனிதர், உலகம் முழுக்கத் தன்னைப் போல என்று நினைத்தவர். நான் விடவில்லை. "அவன்ர பேரோட என்ர பேரும் இருக்கட்டும்," என்று வக்கீலுக்கு முன்னாலேயே சொன்னேன். அன்றைக்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

ஞாயிறு பகல் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து இறங்கினேன். வாசல் புல்லில் ஏஜென்டின் சிரித்த முகம் போட்ட பலகை. பஸ் தரிப்பிடத்து வாங்கில்களில் எல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன், என் வீட்டு வாசலில் அது இன்னும் பெரிதாக இருந்தது. உள்ளே போனால் வனிலா மெழுகுதிரி மணம். சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறையைப் போட்டுக்கொண்டு ஆட்கள் என் அலுமாரிகளைத் திறந்து பார்க்கிறார்கள். "வெல்கம், வெல்கம்," என்று வந்த ஏஜென்ட், என்னைக் கண்டதும் சிரிப்பைப் பாதியில் விட்டான். "அன்ரி! நீங்கள்... இந்தியாவிலயெல்லோ?" "விசாவும் முடிஞ்சுது, அமைதியும் முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு நேரே சாமி அறைக்குப் போனேன். புத்தர் தலை பாவம், அது என்ன செய்யும், அதை ஒன்றும் செய்யவில்லை. என் சாமிப் படங்களைத் தேடினேன். வீட்டுக்குள் இல்லை. அப்பாவின் படத்தைத் தேடினேன், அதுவும் இல்லை. "செத்த ஆக்களின்ர படம் கண்டா வாங்க வாற ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் அன்ரி. எல்லாம் கராஜுக்குள்ள பத்திரமா இருக்கு," என்றான்.

நீ கட்டிய பெட்டிகளைக் கராஜுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்பாவின் படம் பனிச் சப்பாத்துகளுக்கு நடுவில், முகம் கீழே பார்க்கக் கிடந்தது. சந்தனப் பொட்டோடு ஒரு சப்பாத்தின் உப்புக் கறை சேர்ந்து ஒட்டியிருந்தது. அவர் அந்தக் கராஜுக்குள் என்னோடு குளிரில் இருந்தது என்னை விட்டுப் போக மனமில்லாமல். நீ அவரை அங்கே போட்டது யாரோ ஒருவனுக்கு ஒரு மாதிரி இருக்குமென்று. கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தேன். அதுவரைக்கும், மலையிலிருந்து கொண்டு வந்த சொற்களைச் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிடலாம் என்றுதான் எண்ணம். படத்தைத் துடைத்து முடிந்தபோது அந்தச் சொற்கள் ஒன்றும் போதாது என்று தெரிந்தது. அடுத்த பெட்டிக்குள் என் பெரிய தாச்சி இருந்தது. அதற்கடுத்ததில் காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம், கறித்தூள் வறுக்கவென்று நான் வாங்கி வைத்தபடியே.

தூள் வறுப்பதென்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். கராஜ் கதவை முழுதாகத் தூக்கி, காற்றுப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு வறுக்கிற சாமான் அது. நான் குசினி ஜன்னல்களைப் பூட்டினேன். அடுப்புக்கு மேல் இருக்கிற ஃபானைப் போடவில்லை. தாச்சி நன்றாகக் காயும்வரை பொறுத்து, மல்லியையும் சீரகத்தையும் பிறகு பார்ப்போம் என்று, மிளகாயை முதலில் போட்டேன். "அன்ரி, ப்ளீஸ், இப்ப வேண்டாம், மேல ஆக்கள் நிக்கினம்," என்று ஏஜென்ட் ஓடி வந்தான். "நிக்கட்டும் தம்பி. வீட்டை வாங்கிறதெண்டா வீட்டின்ர மணத்தையும் பாக்கத்தானே வேணும்," என்றேன். முதல் தும்மல் மேல் மாடியிலிருந்து வந்தது. பிறகு படியில் இருமல். பிறகு நீல உறைச் சப்பாத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வாசலுக்கு ஓடுகிற சத்தம். புகை காட்டுகிற மணி கத்தத் தொடங்கியது. என் கண்ணாலும் மூக்காலும் ஓடியது, ஆனால் நான் அகப்பையை விடவில்லை. அவ்வளவு பேருக்குள்ளும் ஒரு தமிழ்ப் பிள்ளை மட்டும் வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து, "அன்ரி, நீங்களே வறுக்கிறனீங்களோ? எனக்கும் ஒரு பைக்கற் தருவீங்களோ?" என்று கேட்டாள். அவளைத் தன் பேரும் நம்பரும் எழுதித் தந்துவிட்டுப் போகச் சொன்னேன்.

நீயும் உன் மனைவியும் காரால் இறங்கியபோது, வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் புல்லில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து, இருமி இருமி, "அம்மா, என்ன செய்யிறீங்கள்? ஆர் உங்களை இப்ப வரச்சொன்னது?" என்று கேட்டாய். "என்ர வீட்டுக்கு வர ஆர் சொல்லோணும்?" என்றேன். உன் மனைவி, "மாமி, திஸ் இஸ் கிறேஸி," என்று அழுதாள். அவள் அழுதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் எழுதுகிறேன். நல்ல சந்தோஷம். நெற்றியில் ஒழுகிய எண்ணெய் தராத ஆறுதல் அது. நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கே ஒரு பையோடு உன் மாமியார் வீட்டுக்குப் போனீர்கள். ஏஜென்ட் புல்லில் நட்டிருந்த தன் முகத்தைத் தானே பிடுங்கிக் காருக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இப்போது வீட்டு நிலவரம் சொல்கிறேன். நீ அடித்த புது வெள்ளைப் பெயின்ற் இருக்கிறது, ஆனால் உள்ளே வருகிறவர்கள் முதலில் தும்முகிறார்கள். சாமிகள் தங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். அப்பா சுவருக்கு வந்துவிட்டார், மாலை புதிது. அந்த வெண்கலக் கிண்ணம் நல்ல கனமான கிண்ணம், உள்ளி போட்டு வைக்க வசதியாக இருக்கிறது. என் சின்ன அறையை விட்டு உங்கள் பெரிய அறைக்கு மாறியிருக்கிறேன். உங்கள் கட்டில் மலையில் நான் படுத்த கட்டிலைப் போலவே மெத்தென்று இருக்கிறது, முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. உங்களுடைய உடுப்புகளையும் கல்யாணப் படத்தையும் பெட்டிகளில் கட்டிக் கராஜுக்குள் வைத்திருக்கிறேன். படம் மேலே பார்க்கத்தான் வைத்தேன். நான் உன்னைப் போல இல்லை.

எப்போது வரலாம் என்று கேட்டாயே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா. தனியாக வா. மன்னிப்புக் கேட்க வராதே. சின்ன வயதிலேயே "சொறி அம்மா" என்று சொல்லிக்கொண்டே விளையாட ஓடிப் போனவன் நீ. அது உனக்குச் செலவில்லாத சொல். எனக்கு வேண்டியது வேறு. வீட்டை விற்க என் கையெழுத்து உனக்கு வேண்டும், அதை நான் தருகிறேன். ஆனால் நீ மேசையில் எனக்கு நேர் முன்னால் இருந்து, போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "அம்மா, எனக்கு உங்களோட இருக்க விருப்பமில்லை," என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது. ஏஜென்ட் சொன்னவர், அவள் சொன்னவள், கொண்டோவில் இடம் காணாது என்று சுற்றி வளைக்கக் கூடாது. அந்த ஒரு வசனம் மட்டும். நீ சொல்லி முடித்த அடுத்த நிமிடம் கையெழுத்து வைத்துவிட்டு, என் சாமியையும் உன் அப்பாவையும் தாச்சியையும் எடுத்துக்கொண்டு நானே வெளிக்கிட்டுப் போவேன். எங்கே போகிறேன் என்று கேட்கிற உரிமை பிறகு உனக்கு இல்லை.

உனக்கு வாய் வராது. எனக்குத் தெரியும், நான் பெற்ற வாய் அது. என் முகத்தைப் பார்த்து அந்த ஒரு வசனத்தைச் சொல்லப் பயந்துதான் நீ என்னை இமயமலை வரைக்கும் அனுப்பினாய். இனி உனக்கு அனுப்ப இடமில்லை. வாய் வராவிட்டால், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, உன் மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போ. அடுத்த ஞாயிறும் வா. அதற்கடுத்த ஞாயிறும் வா. வருகிற ஞாயிறெல்லாம் உனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் இருந்து உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா